மன்னிக்கச் சொல்வது யாரிடம்?

ஒருவரைப் பார்த்து "இவரெல்லாம் ஒரு கிறிஸ்தவரா?" என்று சக கிறிஸ்தவர்களே தீர்ப்பு எழுதிவிட்டால், உபதேசம் மட்டும் அடிபட்டவருக்கே போகிறது. தாழ்மையாய் இரு, மன்னித்துவிடு, வாய் திறக்காதே! தீர்ப்புச் சொன்னவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. இது என்ன நியாயம்?

தத்துவ போதகர் என்று பெயர்பெற்ற இராபர்ட் தெ நொபிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உணவோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு. 1610இல் அவர்மீது மேலிடத்துக்குப் புகார் எழுதியவர் வெளியார் அல்ல. அதே மதுரையில் அதே சபையில் இருந்த மூத்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸ். 1619இல் கோவாவில் விசாரணை. அங்கே பேராயரே எதிர்த்தார். 1623இல்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

இடைப்பட்ட பதின்மூன்று வருடம் நொபிலி ஊமையாகவா இருந்தார்? ஆதாரம் அடுக்கி லத்தீனில் நீண்ட மறுமொழி எழுதினார். சபையை விட்டும் போகவில்லை. பதில் சொல்வதும் தாழ்மைக்குள் அடங்கும்.

கதை இங்கே முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் பெர்னாண்டஸ் பக்கமும் ஒரு நியாயம் இருந்ததே! நொபிலியின் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள், பெர்னாண்டஸின் பரதவர்கள் கும்பிட்ட கோயிலுக்குப் போகவில்லை. ஒரே ஊர், ஒரே சபை, இரண்டு கோயில். சாதி உலக வழக்கம்தான், சமயத்தில் சேராது என்பது நொபிலியின் விளக்கம். எத்தனையோ அழகாக வாதாடியவர் இங்கே மட்டும் சறுக்கினார்.

1623க்குப் பின் அவர் திருச்சி, சேலம் பக்கம் வந்தார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பற்றி 2010இல் பத்திரிகைகள் எழுதின. அது நொபிலி கட்டிய சுவர் அல்ல. ஆனால் "உலக வழக்கம்தானே" என்ற அதே விளக்கம்தான் அதற்கும் முட்டுக்கொடுத்தது. செத்த பிறகும் ஒரே மண்ணில் படுக்க முடியாதாம்! அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்க ஆள் நிறைய உண்டு. கடப்பாரை எடுக்கத்தான் ஆளில்லை.

மேலப்புதூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வைணவர்கள் சொல்லும் கதை ஒன்றைக் கிறிஸ்தவர்களும் கேட்கலாம், தப்பில்லை. கோயிலுக்குள் போகமுடியாத திருப்பாணர், ஆற்றங்கரையில் தன்னை மறந்து பாடிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். காதில் விழவில்லை. கல்லை விட்டெறிகிறார், நெற்றியில் ரத்தம். அன்று அரங்கன் பாணரிடம் போய் "மன்னித்துவிடு" என்று சொல்லவில்லை. லோகசாரங்கரைக் கூப்பிட்டு, "அவரைத் தோளில் தூக்கி வா" என்கிறார்.

பாணர் கூசி விலகுகிறார். கல் எறிந்தவர் குனிந்து, அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குள் நடக்கிறார்.