லாரியில் என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும்?

‘‘மக்காச்சோளம், பருத்தி ஏற்றுவதற்காகப் பழைய லாரி ஒன்றை வாங்கியிருக்கிறோம். மகன்தான் ஓட்டுகிறான். வழியில் நின்றுபோனால் சமாளிக்க எந்தெந்தக் கருவிகள் தேவை? கடையில் பெரிய பெட்டியாகக் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா?’’

- வாசகர், ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டம்.

பெட்டி வாங்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லாரியை வீட்டு வாசலில் சமதளத்தில் நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். எந்த ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்தவில்லை, எது இல்லை என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய பட்டியல்.

பட்டியலில் முதலில் வர வேண்டியது ஸ்பேனர் அல்ல. ஒளிரும் எச்சரிக்கை முக்கோணம் இரண்டு, நல்ல டார்ச் லைட், ஒளிரும் மேல்சட்டை, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, பின்னால் பைக்கில் வருபவருக்குக் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 60, 70 தப்படி தள்ளி வைக்க வேண்டும். வளைவு இருந்தால், வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். கல்லையும் தழையையும் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுச் செல்வது இன்னொருவர் உயிருக்கு உலை வைக்கும். ஆபத்தான முறையில் வண்டியை நிறுத்திவைப்பது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவின்படி குற்றமும்கூட.

அடுத்தது ஜாக்கி. ஆறு டயர் லாரியின் பின் அச்சு 11.5 டன் வரை சுமக்க அனுமதி உண்டு. எனவே, 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கி இருந்தால் நிம்மதி. அதோடு கனமான பலகை ஒன்றும் அவசியம். மழைக்காலத்தில் கரிசல் மண் ஓரத்தில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால், வண்டி உயராது; ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

வீல் ஸ்பேனருடன் நீளமான இரும்புக் குழாய் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்க வேண்டும். மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக முறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், காற்றழுத்த மீட்டர் ஆகியவை போதும். உதிரிகளில் ஃபேன் பெல்ட், ஃப்யூஸ், பல்பு, ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், டீசல் ஃபில்டர், ஒயர், இன்சுலேஷன் டேப், தண்ணீர், இன்ஜின் ஆயில் இருக்கட்டும். பல்பு வாங்கும்போது வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்ஜின் கொதித்தால், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ பழுது என்றால், ‘பக்கத்து ஊர்வரை போய்விடலாம்’ என்று ஓட்டவே கூடாது. அந்த இடத்தில் தேவைப்படுவது ஸ்பேனர் அல்ல, மெக்கானிக்கின் போன் நம்பர்தான். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033, யாருக்காவது அடிபட்டால் 108 என்ற எண்களை அழைக்கலாம். இவற்றை டிரைவர் இருக்கைக்கு எதிரே எழுதி ஒட்டிவையுங்கள்.

பெரிய பெட்டி தேவையில்லை. உங்கள் லாரிக்குப் பொருந்துகிற, மகனுக்குப் பயன்படுத்தத் தெரிந்த கருவிகள் போதும்.