பெட்டி பத்திரம், பாதைதான் பிசகு

கம்ப்யூட்டர் திரையில் சில அடையாளங்களுக்குத் தேவைக்கு மேல் மரியாதை கிடைத்துவிடுகிறது. நெட்வொர்க் டிரைவின் மீது விழும் சிவப்புப் பெருக்கல் குறி அவற்றில் ஒன்று. நேற்று வரை 'இசட்' என்ற எழுத்தோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்த டிரைவ், இன்று காலை அந்தக் குறியோடு நிற்கிறது. திறந்தால் பதில் இல்லை. மகளின் கல்யாண வீடியோ, பத்து வருடப் புகைப்படங்கள், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். வீட்டில் யாராவது ஒருவர் 'எல்லாம் போச்சு' என்று சொல்லிவிட்டால் போதும். உண்மையான ஆபத்து அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

காரணம், அந்த டிரைவ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இல்லை. ரவுட்டரோடு கேபிளில் இணைந்த ஒரு தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'நாஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைச் சுமந்துகொண்டு, பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் அது. 'இசட்' என்பது அதற்கு உங்கள் விண்டோஸ் வைத்திருக்கும் முகவரிச் சீட்டு. 'அந்த முகவரியில் கூப்பிட்டேன், தொடர்பு இல்லை' என்பதே சிவப்புக் குறியின் மொத்த அர்த்தம். உள்ளே இருக்கும் ஃபைல்களின் ஆரோக்கியம் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பயந்தவர்கள் செய்யும் காரியங்கள் இரண்டு. முதலாவது, பெட்டியின் பின்புறம் இருக்கும் ரீசெட் துளையில் குண்டூசியை விடுவது. எத்தனை விநாடி அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கையேட்டைப் பார்க்காமல் தொடவே கூடாது. இரண்டாவது இன்னும் மோசம். டிஸ்க்கைக் கழற்றி நேராக விண்டோஸில் மாட்டுவது. லினக்ஸ் முறையில் எழுதப்பட்ட டிஸ்க்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று அது பணிவாகக் கேட்கக்கூடும். 'சரி' என்று அழுத்தினால், அதுவரை பத்திரமாக இருந்த கல்யாண வீடியோ அந்த நொடியில் நிஜமாகவே போய்விடும்.

எனவே கழற்றாமல், அழிக்காமல், அருகிலிருந்து தொலைவுக்கு வரிசையாகப் பாருங்கள்.

முதலில் அந்த டிரைவை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் பகிர்ந்த ஃபோல்டராக இருந்தால், 15 நிமிடம் யாரும் தொடாதபோது இணைப்பைத் துண்டித்துவிடுவது அதன் வழக்கம். குறி விழும், திறந்தால் தானே சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் வரும் குறிக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான். வைஃபை கிடைப்பதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்து பாருங்கள்.

திறக்கவில்லையா? பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். கேபிளின் இரு முனைகளையும் அழுத்திச் செருகுங்கள். பிறகு கம்ப்யூட்டர் எந்த வைஃபையில் இருக்கிறது என்று கவனியுங்கள். விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தரும் தனி வைஃபையில் நுழைந்திருந்தால், வீட்டுச் சாதனங்கள் எதுவும் கண்ணில் படாது. அந்த ஏற்பாடே அதற்காகத்தான். ஆபீஸ் வேலைக்காக வி.பி.என். போட்டிருந்தாலும் வீட்டு நெட்வொர்க் மறைந்துவிடலாம். அதை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள்.

அடுத்து வருவது முக்கியமான பரிசோதனை. பிரவுசரில் பெட்டியின் எண் முகவரியை, உதாரணமாக 192.168.1.20 என்று அடியுங்கள். அதன் நிர்வாகப் பக்கம் வந்துவிட்டால் பெட்டி உயிரோடு இருக்கிறது, கேபிள் சரி, முகவரி சரி. கோளாறு பாஸ்வேர்டிலோ விண்டோஸிலோதான். பக்கம் வரவில்லை என்றால் பாதையில் கோளாறு. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

பாதைக் கோளாறுகளில் நம் நாட்டுக்கு மிகவும் பொருத்தமானது மின்வெட்டு. ரவுட்டர் என்பது லாட்ஜ் மேனேஜர் மாதிரி. வருகிற சாதனங்களுக்கெல்லாம் காலியாக இருக்கும் அறை எண்ணைக் கொடுக்கும். கரண்ட் போய்த் திரும்பும்போது டி.வி., செல்போன்கள், பெட்டி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. நேற்று 20ஆம் எண் அறையில் இருந்த பெட்டிக்கு இன்று 23 கிடைத்திருக்கலாம். உங்கள் விண்டோஸோ 20ஆம் எண் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் பக்கத்தில், இணைந்த சாதனங்களின் பட்டியலைப் பார்த்தால் புதிய எண் தெரியும். அங்கேயே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற வசதியில் பெட்டிக்கு ஒரு நிரந்தர எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிப் போடுவதும் நல்லது. திடீரென்று கரண்ட் போவது டிஸ்க்குக்கும் ஆகாது.

நிர்வாகப் பக்கம் வருகிறது, டிரைவ் மட்டும் வரவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' கட்டளையால் மறுபடி இணைத்துப் பாருங்கள். வரும் பிழை எண்ணே நோயைச் சொல்லிவிடும். 53 என்றால் பாதை கிடைக்கவில்லை. 5 என்றால் அனுமதி இல்லை. 86 என்றால் பாஸ்வேர்டு தப்பு. பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் விண்டோஸ் பழையதையே நீட்டிக்கொண்டிருப்பது சகஜம். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.

எல்லாம் சரி, விண்டோஸைப் புதுப்பித்த மறுநாளிலிருந்துதான் தகராறு என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் தேவை. கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள உபயோகிக்கும் 'எஸ்.எம்.பி.' என்ற மொழியை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபீகன்பாம் உருவாக்கினார். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை மூட மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. பலர் போட்டுக்கொள்ளவில்லை. மே 12 அன்று 'வான்னாக்ரை' அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, சுமார் 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. ஆந்திரப் போலீசின் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்தப் பழைய மொழியை மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட ஆரம்பித்தது. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 பதிப்பு இன்னும் கறார். ப்ரோ பதிப்பில், பாஸ்வேர்டு கேட்காமல் எல்லோரையும் உள்ளே விடும் பெட்டிகளோடு பேச அது மறுக்கிறது.

இங்கேதான் தெரிந்தவர்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: 'விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்.எம்.பி. 1 என்பதை டிக் பண்ணுங்க, வந்துடும்.' வரும்தான். ஆனால் திருடன் வந்துபோன கொல்லைக் கதவைத் திறந்துவைத்தால் காற்றும் வரும். அதற்குப் பதில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், எஸ்.எம்.பி. 2 அல்லது 3 என்று மாற்றுங்கள். விருந்தாளி நுழைவை மூடிவிட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கொண்ட ஒரு கணக்கை உண்டாக்குங்கள். அந்த வசதியே இல்லாத அளவுக்குப் பெட்டி கிழடாகிவிட்டதா? ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

கிழட்டுப் பெட்டிகளின் விஷயத்தில் இரக்கம் ஆபத்தானது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகளில், இணையத்தோடு நேரடியாக இணைந்திருந்த பலவற்றை யாரோ தொலைவிலிருந்தே துடைத்து வெறுமையாக்கினார்கள். அந்தப் பெட்டிக்குக் கடைசி மென்பொருள் திருத்தம் வந்தது 2015இல். உரிமையாளர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது சிவப்புக் குறி எதுவும் இல்லை. டிரைவ் ஒழுங்காகத் திறந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

ஆகவே டிரைவ் மறுபடி தெரிய ஆரம்பித்ததும் நிம்மதிப் பெருமூச்சோடு எழுந்து போய்விடாதீர்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவதை 'பேக்கப்' என்று பலர் நம்புகிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியமான ஃபைல்களை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் பிரதியெடுத்து, கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள். அப்படி ஒரு பிரதி இருக்கிற வீட்டில் சிவப்புக் குறி ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொந்தரவு, அவ்வளவுதான். இல்லாத வீட்டில் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.