வாய்க்கால் அறுந்தால் ஏரி எதற்கு?

பனமலைக் குன்றின்மேல் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அரசசிம்மப் பல்லவன் எழுப்பிய கற்றளி நிற்கின்றது. குன்றின் அடியிற் பேரேரி கிடக்கின்றது. கோயிலைக் காண வருவோர் பலர். ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என வினவுவோர் சிலரே. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீரனூரருகே துரிஞ்சலாற்றிற் பிரியும் நந்தன் கால்வாய், வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு வந்து கடைசியாகச் சேருமிடம் பனமலை ஏரி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைமடை உழவன் வயலே முதலிற் காயும்.

இன்று விழுப்புரம், திண்டிவனம் நெடுஞ்சாலை மருங்குகளில் வரப்புகள் இடிபட்டு மனைக்கற்கள் முளைக்கின்றன. குடியிருக்க வீடு வேண்டாவென எவரும் சொல்லார். விளைச்சலுக்கு விலை கிடையாமல் நிலத்தை விற்கும் உழவனைப் பழிப்பதும் அறமாகாது. ஆயின் விற்பனைக் கணக்கில் நீரின் கணக்கு ஏறுவதில்லை. வரப்புக் கட்டிய ஓர் ஏக்கர் நன்செயில் 10 செ.மீ. மழைநீர் நின்றால், அஃது ஏறத்தாழ 4 இலக்கம் இலிட்டர். அதில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கிக் கிணற்றை வளர்க்கும். அதே நிலத்திற் கற்காரைத் தளம் பரவினால், அந்நீர் அண்டை வீட்டு வாயிலைத் தட்டும்.

விழுப்புரத்திற் பூந்தோட்டம் ஏரிப் பகுதியிற் புதிய பேருந்து நிலையம் கட்டினர்; பெருமழையில் ஏரி தன் இடத்தைத் தேடி வருகின்றது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அம்மழையை எவ்வயலும் முழுதும் தாங்காது என்பது மெய்யே. ஆயினும் போக்குக்கால் திறந்த ஊரில் நீர் வடியும். தூர்ந்த ஊரில் தேங்கி நிற்கும்.

ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்தம்பரிற் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் அரசு, பழைய மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த விதி வகுத்தது. பணம் கட்டினால் தாள் நேராகும். தூர்ந்த வாய்க்கால் நேராகுமா? மனைப்பிரிவிற் பூங்காவுக்கென இடம் விடுகின்றனரே எனலாம். பூங்கா நன்றே. ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரை உறிஞ்சிப் புல் வளர்க்கும் பூங்கா, நீரை மண்ணுக்கு ஈந்த வயலுக்கு ஈடாகாது.

மடை, மதகு, கலிங்கு, வரத்துக்கால், தாங்கல், ஏந்தல் என நீரை அளந்து பெயரிட்ட மொழி தமிழ். பொருள் அழிந்தால் சொல் அகரமுதலியில் மட்டுமே வாழும். மொழிகாப்பும் மண்காப்பும் இருவேறு பணிகள் அல்ல.

வீடுகள் மேட்டுப்புன்செயிலும் தரிசிலும் எழுக. ஏரிப் பாசன நன்செயையும் கால்வாய்க் கரையையும் எவர்க்கும் மனையாக்கித் தருதல் கூடாது. மனை வாங்கும் ஒவ்வொரு தமிழனும் விலையைக் கேட்குமுன் ஊர்ப் புலப்படத்தை விரித்து, அவ்விடத்தில் வாய்க்கால் ஓடியதா எனக் காண்க. பனமலை ஏரி நிரம்புவதும் வறள்வதும் அந்த ஒரு பார்வையிலும் அடங்கியுள்ளது.