செயலிக்கும் சான்று அட்டை வேண்டும்

விதை வாங்கும் விவசாயி முதலில் பார்ப்பது மூட்டையில் தைத்துள்ள அட்டையைத்தான். நீல அட்டை இருந்தால் அது சான்று விதை. வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் சோதித்துச் சான்று தரப்படுகிறது. நெல்லாயின் 80 சதம் முளைப்புத்திறன் இருந்தாக வேண்டும். பச்சை அட்டையாயின் அது உண்மை நிலை விதை. தரத்திற்கு விற்பவரே பொறுப்பு. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தால் வந்த ஒழுங்கு இது.

கைபேசிச் செயலிகளுக்கோ இத்தகைய ஒழுங்கு இல்லை. பிளே ஸ்டோரில் விவசாயம் என்று தேடினால் மழை, சந்தை விலை, பூச்சி நோய், மானியம் என்று வரிசையாகச் செயலிகள் வந்து நிற்கின்றன. எது நல்லது என்று சொல்வாரில்லை. நட்சத்திர மதிப்பை நம்பவும் வழியில்லை. பொய்யான பாராட்டுகளும் அதில் கலந்துள்ளன. 2024 முதல் அரசுச் செயலிகள் சிலவற்றுக்குத் தனி அடையாளம் இடப்படுகிறது. அது யாருடைய செயலி என்று சொல்லுமே தவிர, எவ்வளவு பயன்படும் என்று சொல்லாது.

தவறான தேர்வால் வரும் நட்டம் சிறிதன்று. நெல் இலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவாலும் இருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாலும் இருக்கலாம். படத்தைப் பார்த்துத் தவறாகச் சொல்லும் செயலியை நம்பினால் மருந்துச் செலவும் வீண், மகசூலும் குறையும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலிகளோ வங்கிக் கணக்கையே காலி செய்கின்றன.

ஆகவே மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், செயலிகளை ஒரு பருவம் விவசாயிகளின் வயலிலேயே சோதித்துப் பட்டியல் வெளியிட வேண்டும். அதைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் உழவர் சந்தையிலும் ஒட்ட வேண்டும். சான்று விதைக்குக் கெடு 9 மாதம். பின் மறுசோதனை உண்டு. செயலிப் பட்டியலையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆட்களுக்கு இதனால் வேலை கூடும் என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே ஏமாந்து கற்பதைவிட இது சிக்கனமானது.

அதுவரை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. தமிழக அரசின் உழவன், வானிலைத் துறையின் மேகதூத் போன்றவற்றை முதலில் பார்க்கவும்.

2. செயலியின் பெயருக்குக் கீழே வெளியிட்டவர் பெயரையும், கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் பார்க்கவும்.

3. குறை கூறியோர் எழுதியதையும் படிக்கவும்.

4. விலையோ மழையோ சொல்லும் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் நீக்கிவிடவும்.

5. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே கூடாது.

6. செயலி சொல்லும் மருந்தை வாங்குமுன் பாதித்த செடியுடன் வேளாண்மை உதவி அலுவலரைக் கண்டு கேட்பது நலம்.