ஆறு சென்ட் தந்த பாடம்



அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கப்பல் பட்டறையில் ஓர் இளைஞர் கலப்பத்து வேலை பார்த்தார். வேலையைத் தேடிக்கொண்டவர் அவர். கூலி பேசியவர் அவர். வியர்வை சிந்தியவரும் அவரே. ஆனால் சனிக்கிழமை வந்ததும் அத்தனை காசையும் எஜமானன் கையில் கொட்ட வேண்டும். ஏன்? அவர் அடிமை! ஆறு டாலர் ஈட்டிக் கொடுத்தால், சில வேளை ஆறு சென்டை எஜமானன் திருப்பிக் கொடுப்பான். அதைக் கண்டு இளைஞர் மகிழவில்லை. 'ஆறு சென்ட் எனக்குரியதென்றால் ஆறு டாலரும் எனக்குரியதல்லவா?' என்றே அவர் உள்ளம் கொதித்தது. 1838-ல் தப்பியோடி, அடிமை ஒழிப்பின் பெருங்குரலாய் எழுந்த பிரடெரிக் டக்ளஸ்தான் அவர்.

கேளாத வரை அதிகாரம் எதையும் விட்டுக்கொடாது. மக்கள் எவ்வளவு அநீதியைப் பொறுப்பார்களோ அவ்வளவும் அவர்கள் தலையில் ஏறும். 1857-ல், மேற்கிந்தியத் தீவுகளின் விடுதலை நாள் கூட்டத்தில் அவர் உரைத்த கருத்து இது.

பட்டறை அவருக்கு வேறொரு பாடமும் தந்தது. 1836-ல், கறுப்பினத் தச்சர்களோடு வேலை செய்ய மாட்டோம் என்று வெள்ளைத் தச்சர்கள் மறுத்தனர். வெள்ளை இளைஞர்கள் டக்ளஸைக் கண் கெட்டுப்போகும் அளவுக்கு அடித்தனர். ஆயினும் 1855-ல் எழுதிய நூலில் அவர் காரணத்தை ஆராய்ந்தார். அடிமையைக் கொள்ளையடிப்பவன் எஜமானன். வெள்ளைத் தொழிலாளியைக் கொள்ளையடிப்பது அடிமை முறை. கூலியின்றி உழைப்பவனோடு கூலிக்காரன் எங்ஙனம் போட்டியிடுவான்? அந்த உண்மை தெரியாதிருக்கவே நிறவெறி ஊட்டப்பட்டது.

சங்கங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல. 1869-ல் அவர் மகன் லூயிஸ், வாஷிங்டன் அரசாங்க அச்சகத்தில் அச்சுக் கோத்தார். நிறத்தின் காரணமாக அங்குள்ள அச்சுத் தொழிலாளர் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. சங்கத்தார் யாவரும் வெட்கத்தோடு படிக்க வேண்டிய வரலாறு இது!

1865-ல் சட்டம் அடிமைத்தனத்தை ஒழித்தது. பின் நடந்ததென்ன? தென்மாநில நிலச்சொந்தக்காரர்கள் கூலியைக் காசாகக் கொடாமல், குறிப்பிட்ட கடையில் மட்டுமே செல்லும் சீட்டாகக் கொடுத்தனர். கடைக்காரன் சொன்னதே விலை. பற்றுக் கணக்கை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? இத்தகைய விடுதலை மோசடியே என்று 1888-ல் டக்ளஸ் முழங்கினார்.

அச்சட்டத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்பதே அது. அதைக் காட்டித் தென்மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. அவ்வாசகம் இன்றும் நீங்கவில்லை. 2022-ல் அலபாமா, டென்னசி, வெர்மான்ட், ஒரிகான் மக்கள் தம் மாநிலச் சட்டங்களில் அத்தகைய வாசகத்தை வாக்களித்து நீக்கினர். 2024-ல் கலிபோர்னியா வாக்காளரோ சிறையில் கட்டாய வேலையை ஒழிக்க மறுத்துவிட்டனர்.

ஆகவே டக்ளஸின் வேலை முடிந்துவிடவில்லை. சட்டத்தில் எழுதிய விடுதலை கூலியில் தெரிய வேண்டும். சங்கத்தின் கதவு எல்லா நிறத்தாருக்கும் திறக்க வேண்டும். தோழர்களே, ஆறு சென்ட் நீட்டப்படும்போது, மீதி எங்கே என்று கேட்பவனே விடுதலைக்கு உரியவன்!