மெயின் சிஸ்டம் போனால் ஆபீஸே போச்சா? சின்ன அலுவலகங்களுக்கு ஒரு பேக்கப் கைடு

திருவாரூரின் நான்கு வீதிகளையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர் அலுவலகம், போட்டோ ஸ்டூடியோ, ஸ்கேன் சென்டர், உரக்கடை என்று போர்டுகள்தான் வேறு வேறு. உள்ளே நிலைமை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலிருந்து ஐந்து கம்ப்யூட்டர்கள் இருக்கும். அதில் ஒன்றுக்கு 'மெயின் சிஸ்டம்' என்று பெயர். பத்து வருடக் கணக்கு, வாடிக்கையாளர்களின் ஆவணங்கள், கல்யாண வீடியோக்கள், டேலி டேட்டா எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டியில். அந்தப் பெட்டி இருப்பது மேஜைக்கு அடியில், தரையில்!

நெல் மூட்டையைக் கட்டை போட்டு அதன்மேல் அடுக்கும் ஊர் இது. ஈரம் கீழேயிருந்துதான் ஏறும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் கட்டையைப் போட மறந்துவிடுகிறோம்.

எனவே இந்த வாரம், சின்ன அலுவலகங்கள் தங்கள் ஃபைல்களை எங்கே வைப்பது, எப்படி பேக்கப் எடுப்பது, வெளியூரில் இருக்கும்போது அதை எப்படி பத்திரமாகத் திறப்பது என்று பார்ப்போம்.

கஜா சொல்லிவிட்டுப் போனது

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கமெல்லாம் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்தன. பல கிராமங்களுக்கு கரன்ட் திரும்ப நாள்கணக்கில் ஆனது. சில இடங்களில் வாரக்கணக்கில்.

பேக்கப் விஷயத்தில் அந்தப் புயல் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஆபீஸ் திருவாரூரில், பேக்கப் டிஸ்க் மன்னார்குடி வீட்டில் என்று வைத்திருந்தால் திருட்டுக்கும் தீவிபத்துக்கும் அது போதும். ஆனால், புயலும் வெள்ளமும் ஒரே ராத்திரியில் இரண்டு ஊரையும் தொடும். ஆகவே, ஒரு காப்பியாவது டெல்டாவுக்கு வெளியே இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

'நாஸ்' என்றால் என்ன?

நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம்தான் நாஸ். டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு அல்லது நான்கு ஹார்டு டிஸ்க்குகள். ரவுட்டரில் ஒரு லேன் கேபிளால் இணைத்துவிட்டால், அலுவலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் ஒரே இடத்தில் ஃபைலைச் சேமிக்கலாம். 'அந்த ஃபைல் யார் சிஸ்டத்தில் இருக்கு?' என்ற தினசரித் தேடல் முடிவுக்கு வரும். யாருக்கு எந்த ஃபோல்டர் தெரியலாம் என்றும் பிரித்து வைக்கலாம். சினாலஜி, க்யூநேப் போன்றவை இதில் பரவலான பிராண்டுகள்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. ஒன்று அல்லது இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு, இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும் ஒரு கிளவுட் கணக்கும் போதும். மூன்று பேருக்கு மேல் ஒரே ஃபைல்களில் வேலை செய்கிறார்கள் என்றாலோ, ஸ்டூடியோ மாதிரி வீடியோ குவிகிறது என்றாலோ நாஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

கோட்டேஷன் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: 'டிஸ்க்கும் சேர்த்த விலையா?' பெரும்பாலான மாடல்கள் காலிப் பெட்டியாகத்தான் வரும். டிஸ்க் தனியாக வாங்க வேண்டும். அதிலும் 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே தயாரான நாஸ் டிஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு காப்பியா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். நாஸ் பெட்டியில் 'ரெய்டு 1' என்று ஓர் அமைப்பு உண்டு. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால், உங்களுக்குக் கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்றை வைத்து வேலை நிற்காமல் ஓடும். நல்ல வசதிதான்.

ஆனால், நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும். ரேன்சம்வேர் வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். இடி இறங்கினாலும், வெள்ளம் புகுந்தாலும், திருடன் தூக்கிப்போனாலும் பெட்டியோடு இரண்டும் போகும். டிஸ்க் பழுதுக்கு ரெய்டு உதவும். மற்ற எல்லாவற்றுக்கும் தனியாக பேக்கப் வேண்டும்.

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் அமைப்பில் 858 டெராபைட் தகவல்கள் அழிந்தன. வெளியே வேறு காப்பி இல்லை. அளவு பெரிது என்பதால் பேக்கப் எடுக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

3-2-1: ஒரு சின்ன கணக்கு

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய சூத்திரம் இது. மொத்தம் 3 காப்பிகள். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில். அதில் 1 வேறு ஊரில்.

இதற்குத் திருவாரூர் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேவார ஓலைச்சுவடிகள் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததாகவும் மரபுச் செய்தி உண்டு. ஒரே இடம், ஒரே வகைச் சாதனம். மிஞ்சியதுதான் கிடைத்தது.

ஆனால், ஞானசம்பந்தர் பாடிய ஒரு பதிகம் ஓலையில் தப்பாமல் போயும் பிழைத்தது. திருவிடைவாயில் கோயிலில் அது கல்வெட்டாகவும் இருந்தது. 1917-ல் அதைப் படித்தெடுத்து தேவாரத்தோடு சேர்த்தார்கள். வேறு ஊர், வேறு சாதனம், ஒரு காப்பி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நம்ம ஆபீஸுக்கு எப்படி?

*முதல் காப்பி:* தினமும் வேலை செய்யும் ஃபைல். நாஸிலோ மெயின் சிஸ்டத்திலோ இருக்கும்.

*இரண்டாவது காப்பி:* எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். இரண்டு வாங்கி 'அ', 'ஆ' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இந்த வாரம் 'அ', அடுத்த வாரம் 'ஆ'. பேக்கப் முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் விட்டுவைக்காது. டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு பூட்டும் போடுங்கள். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் பஸ்ஸில் தொலைந்துபோகக் கூடாது இல்லையா?

*மூன்றாவது காப்பி:* டெல்டாவுக்கு வெளியே. கிளவுட் என்றால் சுலபம். உங்களுக்குக் கோவையில் கிளை இருந்தால் அங்கே இன்னொரு நாஸ் வைத்து, ராத்திரியில் தானாகக் காப்பி ஆகும்படியும் செய்யலாம்.

'அவ்வளவு டேட்டாவை எப்படி நெட்டில் ஏற்றுவது?' என்று ஸ்டூடியோ அண்ணன்கள் கேட்பார்கள். கணக்குப் போடலாம். 200 ஜிபி டேட்டா, 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் என்றால், கிட்டத்தட்ட 22 மணி நேரம். இது முதல் தடவைக்கு மட்டும்தான். பிறகு மாறிய ஃபைல்கள் மட்டும்தான் ஏறும், ராத்திரியோடு முடிந்துவிடும். உங்கள் பிளானில் டவுன்லோடு வேகம் போல அப்லோடு வேகமும் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ மொத்தத்தையும் ஏற்ற முடியாது என்றால், டெலிவரி ஆகாத வேலைகளை மட்டுமாவது ஏற்றலாம். பழையவற்றுக்கு ஒரு டிஸ்க் போட்டு, வெளியூர் சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வைக்கலாம்.

இன்னொரு குழப்பம். கூகுள் டிரைவில் ஃபோல்டர் 'சிங்க்' ஆகிறது, அதுவே பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன்பின் இல்லை. போன நிதியாண்டு ஃபைல் காணோம் என்று ஆடிட் சமயத்தில்தான் தெரியவரும். பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் பேக்கப்தான் வேண்டும்.

டேலி பயன்படுத்துபவர்கள், ஃபோல்டரை அப்படியே காப்பி பேஸ்ட் செய்ய வேண்டாம். கம்பெனி திறந்திருக்கும்போது காப்பி எடுத்தால் பாதியில் சிதையலாம். டேலியிலேயே பேக்கப் வசதி இருக்கிறது. அதை எடுத்து, அந்த ஃபைலை மற்றதோடு சேருங்கள்.

சட்டமும் கேட்கிறது

ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் விதி திருத்தப்பட்டது. 'ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சார்' என்ற பதில் நோட்டீஸ் வரும் நாளில் பெரிதாக உதவாது.

வெளியூரிலிருந்து திறப்பது எப்படி?

'தம்பி, அந்தப் பத்திர டிராஃப்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு.'

'சார், நான் வீட்டுக்கு வந்துட்டேன். அது மெயின் சிஸ்டத்துல இருக்கு.'

இந்த உரையாடல் நடக்காத அலுவலகம் இல்லை. இதற்குத்தான் ரிமோட் ஆக்சஸ். ஆனால், கொஞ்சம் கவனம் தேவை.

ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வேர்டிங்' செய்து நாஸையோ விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பையோ நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரேன்சம்வேர், இன்டர்நெட்டில் தெரிந்த க்யூநேப் நாஸ் பெட்டிகளுக்குள் நுழைந்து, ஃபைல்களை பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் பொட்டலங்களாக மாற்றியது. திறந்துவிட 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' டிஸ்க்குகளில் பலருடைய மொத்த டேட்டாவும் துடைக்கப்பட்டது. அந்த மாடலுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை.

பாதுகாப்பான வழி, வி.பி.என். பெரும்பாலான நாஸ்களில் இந்த வசதி இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் உண்டு. உங்கள் லேப்டாப், போன், ஆபீஸ் நாஸ் மூன்றிலும் போட்டுவிட்டால், இவை மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வெளியாட்களுக்கு எதுவும் தெரியாது. பல ஃபைபர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி பப்ளிக் ஐ.பி கிடைக்காது. அங்கேயும் இந்த முறை வேலை செய்யும்.

கூடவே மூன்று வேலைகள். 'அட்மின்' என்ற பெயரிலேயே இருக்கும் கணக்கை முடக்குங்கள். பாஸ்வேர்டோடு ஓ.டி.பி-யும் கேட்கும்படி வையுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே நீக்குங்கள்.

கரன்ட், இடி, தண்ணீர்

நாஸை இடுப்பு உயரத்துக்கு மேல் ஷெல்ஃபில் வையுங்கள். யு.பி.எஸ் கட்டாயம். யு.பி.எஸ்ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யு.எஸ்.பி கேபிள் கொடுத்தால், பேட்டரி தீரும் முன் நாஸ் தானாகவே முறைப்படி அணையும். ஐப்பசி இடிமழையில் ரவுட்டரின் பிளக்கையும் கழற்றுங்கள். மின்னல், லேன் கேபிள் வழியாகவும் வரும்.

கடைசியாக ஒரு சோதனை

'டாய் ஸ்டோரி 2' படம் தயாரிப்பில் இருந்த 1998-ல், பிக்ஸாரில் யாரோ கொடுத்த ஒரு கமாண்டில் படத்தின் ஃபைல்கள் மடமடவென்று அழிந்தன. பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது தேவைப்பட்டபோதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாற்றியது.

நமக்கு அந்த அதிர்ஷ்டம் வேண்டாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, கடை மூடும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டேலி பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் எண் சரியா என்று பாருங்கள். திறந்தால் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். திறக்கவில்லையா? இன்னும் மெயின் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது. சரிசெய்ய நேரம் உண்டு.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பேக்கப் எங்கெங்கே இருக்கிறது, யார் எடுக்கிறார், சர்வீஸ் செய்பவரின் போன் நம்பர் என்ன என்று எழுதி வையுங்கள். பாஸ்வேர்டுகளைத் தனிக் கவரில் போட்டு ஒட்டி, வீட்டு லாக்கரில் வைத்து, குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். முதலாளி ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளிலும் ஊழியர்களுக்குச் சம்பளம் போட அந்த கவர்தான் உதவும்.

ஐப்பசி மழைக்கு முன் இதில் ஒன்றையாவது முடித்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், மெயின் சிஸ்டத்தைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வைப்பதில் தொடங்குங்கள்.