முத்துப் போட்ட பழக்கூழா? கொஞ்சம் பொறுங்கள்!

போன கோடையில் ஒரு சாயங்காலம். கோவிலூரில் என் வைத்தியசாலைக் கதவைச் சாத்தப் போன நேரம். வயதான ஆச்சி ஒருவர் நாலு வயதுப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே மருமகள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வைத்தியரே, புள்ள தொண்டையில என்னமோ அடைச்சுக்கிருச்சு. இருமி வெளிய வந்துருச்சு. ஆனாலும் எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. ஒரு தடவை பாத்துருங்க!"

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மேஜையில் இருந்த பனங்கற்கண்டு டப்பாவைக் காட்டிக் கை நீட்டினான். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூச்சு ஒரே சீராக இருந்தது. "ராத்திரி விடாமல் இருமினாலோ, மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தாலோ யோசிக்காதீங்க, நேரே காரைக்குடிக்குக் குழந்தை டாக்டர்கிட்ட கொண்டு போயிடுங்க" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அப்புறம்தான் கதை வந்தது. மருமகள் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவர். அங்கே கடைக்குக் கடை விற்கிற 'பபிள் டீ'யைப் பிள்ளைகள் கேட்டு நச்சரிக்க, மாம்பழத்தைப் பால் விட்டு மிக்ஸியில் அடித்து, கறுப்பு முத்துக்களை வேகவைத்துப் போட்டு, கட்டை விரல் பருமனில் ஒரு ஸ்ட்ராவையும் சொருகிக் கொடுத்திருக்கிறார். பையன் ஓடியபடியே ஒரு இழுப்பு இழுத்திருக்கிறான். முத்து நேரே தொண்டைக்குள் பாய்ந்துவிட்டது.

"இந்தச் சனியன இனிமே வீட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் ஆச்சி.

மருமகள் விடவில்லை. "மைதா இல்ல, கெமிக்கல் இல்ல டாக்டர். வெறும் மரவள்ளிக்கிழங்கு மாவு. பழம், பால், எல்லாம் வீட்டுல செஞ்சது. இதுல என்ன தப்பு?"

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை! அன்றைக்கு மழுப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இதே கேள்வியைப் பல வீடுகளிலிருந்து கேட்டுவிட்டார்கள். அதனால் இங்கே உங்களிடம் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆச்சிக்கு ஒரு வார்த்தை. அந்தக் கறுப்பு முத்து ஏதோ வேற்று நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது நம் ஜவ்வரிசியின் பெரிய அண்ணன். வெல்லப்பாகு சேர்த்ததால் கறுப்பு, பெரிதாக உருட்டியதால் கோலிக்குண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். 1980-களில் தைவான் நாட்டில் தேநீரில் இதைப் போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்கள். யார் முதலில் போட்டது என்று இரண்டு கடைக்காரர்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜவ்வரிசியின் கதை இன்னும் சுவையானது. ஆதியில் அது மரவள்ளியே அல்ல. மலாய் நாட்டுப் பக்கம் சகு என்று ஒரு பனை வகை மரம். அதன் தண்டுக்குள் இருக்கும் மாவைக் கரைத்து எடுத்துத் திரட்டினால் மணி மணியாக வரும். கொண்டு விற்க மலேயா போன நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் அது பழகிய பண்டம். இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. அந்தச் சமயத்தில்தான், 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் கண்டிருந்த போபட்லால் ஷா என்பவரின் யோசனையோடு, மரவள்ளிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் ஆலைகள் வந்தன. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆக, சிங்கப்பூர் மருமகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த முத்துக்கு நம் சேலம் ஜவ்வரிசி சொந்தக்காரன்தான்.

நம்முடையது என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடுமா? இங்கேதான் நான் மருமகளோடு மாறுபடுகிறேன்.

ஜவ்வரிசி எப்படிச் செய்கிறார்கள் என்று யோசியுங்கள். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைப் பிழிந்து, தொட்டியில் தெளிய வைத்து, அடியில் படிந்த வெள்ளை மாவை மட்டும் எடுக்கிறார்கள். ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கிக் குருணையாக்கி, சூடான தட்டில் வாட்டி, வெயிலில் காயப் போடுகிறார்கள். இந்தக் கழுவலில் ஒரு பெரிய நன்மை உண்டு. பச்சை மரவள்ளியில் இருக்கும் சயனைடு சார்ந்த நஞ்சு பெரும்பாலும் அதில் போய்விடுகிறது. ஆனால் நார்ச்சத்து, தாது உப்பு, இருந்த கொஞ்சநஞ்சப் புரதம் எல்லாமும் கூடவே போய்விடுகின்றன. மிச்சம் நிற்பது ஸ்டார்ச் ஒன்றுதான். 100 கிராம் ஜவ்வரிசியில் 88 கிராம் மாவுச்சத்து. புரதமோ கால் கிராம்கூடத் தேறாது!

இப்போது அந்த மாம்பழ டம்ளருக்கு ஒரு கணக்குப் போடுவோமா? உலர்ந்த முத்து 50 கிராம் என்றால் மாவுச்சத்து 44 கிராம். மாம்பழச் சதை 200 கிராமில் ஏறக்குறைய 30. ஒரு டம்ளர் பாலில் 10. மேலே இரண்டு மேஜைக் கரண்டி சர்க்கரை, அது 25. மொத்தம் 109 கிராம். 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 28 கிராம்தான். அப்படியானால் 'வெறும் ஜூஸ்' என்று நாம் குடிப்பது 350 கிராம் சோற்றுக்கும் மேலே! அதற்குப் பிறகு இரவில் இட்லியும் சாப்பிடுவோம்.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அந்த வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். பபிள் டீ ஊரான சிங்கப்பூரிலேயே, கடையில் அவ்வப்போது கலந்து தரும் பானங்களுக்கும் சர்க்கரை அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போட வேண்டும் என 2023 டிசம்பர் 30 முதல் சட்டம் வந்துவிட்டது. அவர்கள் உஷாராகும் நேரத்தில் நாம் ஆரம்பிக்கிறோம்!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்? பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த புதிதில், வயிற்றுப்போக்கில் துவண்டு வருகிறவர்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது நல்ல கஞ்சிதான். குடலுக்குச் சிரமம் தராது, வறட்சியைத் தணிக்கும், இரண்டு நாளைக்குத் தாங்கும். ஒரு பெரியவருக்கும் அப்படிச் சொன்னேன். வயிறு நின்றது. ஆனால் அவர் 'வைத்தியர் சொன்ன கஞ்சி' என்று நாலு மாதம் காலைப் பலகாரத்தை நிறுத்திவிட்டு அதையே குடித்துக்கொண்டிருக்கிறார்! வெல்லம் போட்டு வேறு. அடுத்த முறை வந்தபோது கால் புண் ஆறாமல் வந்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் 'எத்தனை நாள்' என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே மயக்கம் உண்டு. "ஜவ்வரிசி கொடுத்தா குழந்தை கொழுகொழுன்னு வரும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். எடை ஏறும், வாஸ்தவம். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது அதில் இல்லையே! கேழ்வரகுக் கூழ், பாசிப்பருப்பு, முட்டை, தயிர் இவையெல்லாம் சாப்பிடுகிற குழந்தைக்கு மேலே கொஞ்சம் ஜவ்வரிசி கொடுத்தால் தவறில்லை. அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்காதீர்கள்.

தொண்டை அடைப்பு சமாசாரத்துக்கு வருகிறேன். இதில் நான் முழுக்க ஆச்சி கட்சி. வெந்த பெரிய முத்து வழவழவென்று, ரப்பர் மாதிரி, குழந்தையின் மூச்சுக்குழலை மூடுவதற்கென்றே செய்த அளவில் இருக்கிறது. ஸ்ட்ரா வேறு அதை நாக்கைத் தாண்டி நேரே உள்ளே எறிகிறது. ஜெர்மனியில் அரசாங்கத்தின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே 2012-ல் சின்னப் பிள்ளைகளுக்கு இதனால் ஆபத்து என்று எச்சரித்தது. என் தீர்ப்பு: ஐந்து வயதுக்குள் பெரிய முத்து வேண்டவே வேண்டாம். அதற்கு மேலும் ஸ்ட்ரா வேண்டாம். கிண்ணம், கரண்டி, உட்கார்ந்து மென்று சாப்பிடுவது.

ஒருவேளை அடைத்துவிட்டால்? குழந்தை பலமாக இருமுகிறதா, இருமட்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், முத்து இன்னும் உள்ளே போய்விடும். சத்தமே வரவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்புறம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா, பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே கை முட்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். இதை வீட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலைக்கும் திராட்சைக்கும் இதே வைத்தியம்தான்.

சரி, "அப்போ செய்யவே கூடாதா?" என்று கேட்பீர்கள். யார் சொன்னது? எனக்கே பிடிக்கும்!

பெரிய முத்தை மறந்துவிட்டு, கடையில் கிடைக்கும் சின்ன நைலான் ஜவ்வரிசியை வாங்குங்கள். பளீரென்று வெளுத்ததைத் தேடி அலைய வேண்டாம். வெண்மைக்காக ரசாயனம் கலப்பதாகப் புகார் வந்து அதிகாரிகள் ஆலைகளில் சோதனை போட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கொஞ்சம் மங்கலாக இருப்பதே மேல். ஆளுக்கு 20 கிராம் போதும். கழுவி அரை மணி ஊறவைத்து, தண்ணீர் தாராளமாகக் கொதித்த பிறகு போட்டு, நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறையும் வரை வேகவிட்டு, வடித்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பழம் அரைக் கிண்ணம் முதல் முக்கால் கிண்ணம். பப்பாளி, கொய்யா, மாம்பழம், எது கிடைக்கிறதோ. புளிப்பில்லாத தயிர் சேர்த்து மிக்ஸியில் இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். வடிகட்டாதீர்கள், நார் இருக்கட்டும். சர்க்கரை, தேன், கண்டென்ஸ்டு மில்க் எதுவும் கிடையாது. பழம் பழுத்திருந்தால் அதுவே இனிக்கும். ஏலக்காய் ஒன்று, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. எங்கள் மரபுப்படி ஜவ்வரிசியும் குளிர்ச்சி, தயிரும் குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்தால் மந்தமும் சளியும் எட்டிப் பார்க்கும். சுக்கு அதைச் சமன் செய்யும். ஐஸ் போட்டால் சுக்குப் போட்டதற்கு அர்த்தமே இல்லை! ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், பிள்ளைக்கு மூக்கு ஒழுகும்போதும், இரவு வேளையிலும் இதைத் தொட வேண்டாம். வாரம் ஒரு நாள், மாலையில், இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முத்தைக் கையாலேயே உருட்டத்தான் வேண்டும் என்று ஆசைப்படும் பெரிய பெண்பிள்ளைகளுக்கு ஒரு ரகசியம்: மரவள்ளி ஸ்டார்ச்சில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டால்தான் உருண்டை பிடிக்கும். பச்சைத் தண்ணீர் விட்டால் கையில் ஓடும். மிளகு அளவுக்கு மேல் உருட்டாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஜவ்வரிசி வேண்டாம் என்பதே என் யோசனை. ஏங்க வேண்டியதில்லை. சிவகங்கைச் சீமையில் கோடை வந்தால் நுங்கு இல்லாத தெரு உண்டா? இளநுங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டால் முத்துக்கு முத்தும் ஆச்சு, குளிர்ச்சிக்குக் குளிர்ச்சியும் ஆச்சு. இல்லையா, சப்ஜா விதை ஒரு ஸ்பூன். கால் மணி நேரமாவது நன்றாக ஊற வேண்டும், உலர்ந்ததை வாயில் போட்டால் அதுவும் தொண்டையில் உப்பும். மதுரை ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினும் இந்த வேலைக்கு வரும். பழத்தின் அளவு மட்டும் அரைக் கிண்ணத்தைத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழம், மாம்பழம் எல்லாம் சேர்ப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாள் கழித்து அந்த மருமகள் சிங்கப்பூர் திரும்பும் முன் சொல்லிக்கொள்ள வந்தார். நுங்கு போட்டுச் செய்து பார்த்தாராம். "பையன் சாப்பிட்டுட்டான் டாக்டர். ஆனா ஸ்ட்ரா கேட்டு அழுறான்" என்றார். ஆச்சியோ, மிச்சமிருந்த கறுப்பு முத்துப் பாக்கெட்டை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாராம். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.